ரிச்சார்ஜபிள் பேட்டரி கட்டை வாங்கப் போறீங்களா? முதல்ல சார்ஜரைப் பாருங்க

கடையில போய் 'சார்ஜ் பண்ற செல் குடுங்க'ன்னு கேட்டா ஒரு பாக்கெட் எடுத்து வைப்பாங்க, நாலு கட்டை, கூடவே சுவத்துல நேரா சொருகற மாதிரி ஒரு சார்ஜர், எல்லாம் சேத்து கம்மி விலை. வாங்கிட்டுப் போய் ஆறு மாசம் கழிச்சு 'ரிச்சார்ஜபிள் எல்லாம் ஏமாத்து வேலைங்க, ஒண்ணும் நிக்கல'ன்னு சொல்றவங்கதான் நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் அதிகம். அவங்க சொல்றது பொய்யில்ல, ஆனா பெரும்பாலும் கெட்டது கட்டையால இல்ல, அந்த சார்ஜராலதான். நல்ல கட்டையை மட்டமான சார்ஜர்ல போட்டா சீக்கிரம் செத்துப்போகும், சுமாரான கட்டையைக்கூட நல்ல சார்ஜர் பல வருஷம் ஓட்டிடும். அதனால பட்ஜெட் கம்மின்னா சார்ஜர்ல காசு போடுங்க, கட்டை ரெண்டே ரெண்டு வாங்கினா போதும்.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. வீட்டுல ஒரு ரவுண்டு அடிச்சு எதுல எல்லாம் கட்டை போட்டிருக்கு, என்ன சைஸ், எத்தனை, எவ்வளவு நாளைக்கு ஒருக்கா மாத்துறோம்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. சைஸ் சொல்லிடறேன்: கடிகாரத்துல போடறது டபுள் ஏ, டிவி ரிமோட்ல போடற ஒல்லிக்கட்டை ட்ரிபிள் ஏ, பழைய டார்ச்சுல, கேஸ் கீசர்ல போடற குண்டுக்கட்டை டி சைஸ், மைக்கு, மல்டிமீட்டர் இதுல போடற சதுர டப்பா மாதிரி இருக்கறது 9 வோல்ட். வட்டமா காசு மாதிரி இருக்கறது பட்டன் செல், அதை இந்தக் கணக்குலேயே சேக்காதீங்க. எடை மெஷின், கார் சாவி இதுல எல்லாம் இருக்கற சிஆர் 2032 சார்ஜ் பண்ற செல்லே கிடையாது, சார்ஜ் பண்ணப் பாத்தா வெடிக்கும், குழந்தை இருக்கற வீடுன்னா அதை எட்டாத இடத்துல வைங்க, முழுங்கிட்டா ரொம்ப ஆபத்து, ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

இப்ப அந்தப் பேப்பரைப் பாருங்க. வருஷத்துக்கு ஒருக்கா மாத்துற சாமானுக்கு ரிச்சார்ஜபிள் தேவையே இல்ல. சுவர்க்கடிகாரம், ஏசி ரிமோட், கேபிள் செட்டாப் பாக்ஸ் ரிமோட் எல்லாம் இந்த லிஸ்ட்டு. அதுல சாதா கட்டையைப் போட்டுட்டு மறந்துடலாம், ரொம்ப நாள் தொடாம விட்டா பொங்கி வழிஞ்சு ஸ்பிரிங்கைத் துரு ஏத்திடும், அதுக்கு மட்டும் வருஷம் ஒருக்கா மூடியைத் திறந்து பாத்துட்டா போதும். பிபி மெஷினுக்கு கூட வந்த புக்கைப் பாருங்க, அல்கலைன் கட்டைதான் (சாதா ஜிங்க் கட்டையைவிட நாள் ஓடற, ஆனா சார்ஜ் பண்ணக்கூடாத வகை) போடணும்னு போட்டிருந்தா அதையே போடுங்க, இல்லைன்னா அடாப்டர் வாங்கி பிளக்குல போட்டுக்கலாம். அப்பா அம்மாவுக்கு பிரஷர் பாக்கற மெஷின்ல காசு மிச்சம் பண்ண வேண்டாம்.

ரிச்சார்ஜபிள் போட வேண்டிய இடம் எதுன்னா, மாசத்துக்கு ஒருக்காவோ அதுக்கும் சீக்கிரமோ கட்டை தீந்துபோற சாமான். பசங்களோட ரிமோட் கார், கேம் கன்ட்ரோலர், வயர்லெஸ் மவுஸ், போட்டோகிராபரோட பிளாஷ், ஸ்கூல்ல கோயில்ல வச்சிருக்கற கார்ட்லெஸ் மைக்கு, கட்டை போடற டார்ச். இதுல ஒண்ணு ரெண்டாவது உங்க வீட்டுல இருந்தா மேல படிங்க, எதுவும் இல்லைன்னா காசு மிச்சம்.

போட்ட காசு எப்ப திரும்ப வரும்னு கணக்குப் போடறது சுலபம். ரிச்சார்ஜபிள் கட்டை ஒண்ணோட விலையை சாதா கட்டை ஒண்ணோட விலையால வகுங்க. 250 ரூபாய், 20 ரூபாய்னு வச்சுக்கிட்டா பன்னெண்டரை வருது, அப்ப ஒரு பதிமூணு தடவை சார்ஜ் பண்ணினா கட்டை காசு வந்துடும், அதுக்கப்புறம் சார்ஜர் காசைக் கழிக்கணும், ரிமோட் கார் வச்சிருக்கற பையன் இருக்கற வீட்டுல ஒரு முழுப்பரீட்சை லீவுலயே இது நடந்துடும். கரன்ட்டு செலவைப் பத்தி யோசிக்கவே வேண்டாம், ஒரு டபுள் ஏ கட்டையில நிக்கறது ரெண்டரை, மூணு வாட் அவர் பக்கம்தான், சார்ஜர்ல வீணாகறதையும் சேத்து அஞ்சுன்னே வச்சாலும் ஒரு யூனிட்டுல, அதாவது ஆயிரம் வாட் அவர்ல, 200 தடவை சார்ஜ் பண்ணலாம்.

சரி, கட்டையைக் கையில எடுத்தா என்ன படிக்கணும்? முன்னாடி பெருசா எழுதியிருக்கறதை விடுங்க, திருப்பிப் பொடி எழுத்தைப் பாருங்க. எச்ஆர் 6னு இருந்தா நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு (இனிமே சுருக்கமா நிக்கல் கட்டைன்னு சொல்றேன்), டபுள் ஏ சைஸ், இதுதான் நமக்கு வேணும். எச்ஆர் 03 அதே சங்கதி ட்ரிபிள் ஏ சைஸ்ல. எல்ஆர் 6னா அல்கலைன், வெறும் ஆர் 6னா சாதா ஜிங்க் கட்டை, இது ரெண்டையும் சார்ஜர்ல போடக்கூடாது, சூடாகி ஒழுகும், வெடிக்கவும் செய்யலாம். கேஆர்னு ஆரம்பிச்சா பழைய நிக்கல் காட்மியம், அதுல மெமரி பிரச்சனை உண்டு (முழுசா தீராம சார்ஜ் போட்டுப் பழகினா அந்த அளவுக்குத்தான் ஓடும்), காட்மியம் விஷம், கொள்ளளவும் கம்மி, ஓசியில குடுத்தாலும் வேண்டாம்.

அப்புறம் எம்ஏஎச் நம்பர், அதாவது கட்டையில எவ்வளவு சார்ஜ் நிக்கும்ங்கற அளவு. இங்கதான் நம்ம ஆளுங்க ஏமாறறது, பெரிய நம்பர் நல்லதுன்னு நினைச்சு 3600, 4000னு போட்ட டபுள் ஏ கட்டையை வாங்கிடறாங்க. அந்த சைஸ் டப்பாவுக்குள்ள நிக்கல் கட்டையில நெசமா அடைக்க முடியறது 2700, 2800 வரைக்கும்தான், அதுக்கு மேல போட்டிருந்தா அது வெறும் அச்சு. நெசமான 2800ஐவிட 2000 போட்ட கட்டைதான் வீட்டுக்கு லாயக்குன்னு நான் சொல்லுவேன், ஏன்னா உள்ள அதிகமா அடைக்க அடைக்க ஆயுசு குறையும். எனலூப்னு ஒரு பிராண்டு கட்டை இருக்கு, அதையே எடுத்துக்கங்க, சாதா எனலூப் 2000 எம்ஏஎச், 2100 தடவை வரைக்கும் சார்ஜ் பண்ணலாம்னு கம்பெனி சொல்லுது, அதே கம்பெனியோட ப்ரோ கட்டை 2500 கிட்ட, ஆனா 500 தடவைதான்னு அவங்களே போடறாங்க. போட்டோகிராபருக்கு ப்ரோ சரி, பையன் காருக்கு சாதாவே போதும்.

இன்னொரு வார்த்தையும் பாக்கெட்டுல தேடுங்க: லோ செல்ப் டிஸ்சார்ஜ், இல்லைன்னா 'ரெடி டு யூஸ்', 'ப்ரீ சார்ஜ்டு'. பழைய நிக்கல் கட்டையை சார்ஜ் பண்ணி டிராயர்ல போட்டா ரெண்டு மூணு மாசத்துல தானா இறங்கிப்போயிருக்கும், டார்ச் எடுத்தா எரியாது. 2005ல சான்யோ கம்பெனி எனலூப் விட்டதுக்கு அப்புறம்தான் இந்தத் தலைவலி போச்சு, இப்ப அது பானசோனிக் கையில இருக்கு, மத்த கம்பெனிகளும் அதே மாதிரி போடறாங்க. வருஷம் கழிச்சு எடுத்தாலும் பெரும்பகுதி சார்ஜ் அப்படியே இருக்கும். பாக்கெட்டைப் பிரிச்ச உடனே எரியுதுன்னா அது இந்த வகைன்னு தெரிஞ்சுக்கலாம்.

'இதுல 1.2 வோல்ட்தான் போட்டிருக்கு, சாதா கட்டையில 1.5 இருக்கே, பத்துமா?'ன்னு எல்லாரும் கேக்கறாங்க. பத்தும். சாதா கட்டை 1.5ல ஆரம்பிச்சு இறங்கிக்கிட்டே இருக்கும், பாதி தீரும்போதே 1.2 கிட்ட வந்துடும், நிக்கல் கட்டை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் அந்த 1.2 பக்கமே நிக்கும். பையன் காருல பாத்தா புதுக் கட்டை போட்ட முதல் நிமிஷ வேகம் கொஞ்சம் கம்மியா தெரியும், ஆனா அதே வேகம் ரொம்ப நேரம் நிக்கும். ஒரு சில சாமான் மட்டும் பேட்டரி கம்மின்னு முன்னாடியே சிக்னல் காட்டும், அது மேல கோவப்படறதுல பிரயோஜனம் இல்ல, அதுக்கு அல்கலைனே போட்டுடுங்க.

இப்ப சார்ஜர். கடைக்காரர் கிட்ட பாக்கெட்டை வாங்கி ஒரே ஒரு விஷயம் பாருங்க, நாலு குழி இருந்தா நாலு லைட்டு இருக்கா? ரெண்டே லைட்டு இருந்தாலோ, 'ரெண்டு ரெண்டாத்தான் போடணும்'னு எழுதியிருந்தாலோ கீழ வச்சுடுங்க. ரெண்டு கட்டையும் ஒரே அளவுக்கு தீந்திருக்காது, ஒண்ணு முன்னாடியே நிறைஞ்சிடும், ஜோடி சார்ஜர் அது தெரியாம இன்னொண்ணுக்காக ஏத்திக்கிட்டே இருக்கும், நிறைஞ்ச கட்டை சூட்டுல வெந்துபோகும், மறுபடி மறுபடி இப்படி நடந்தா ரெண்டும் சமமா இருக்கவே இருக்காது. லைட்டே இல்லாத சார்ஜர், இல்ல எப்பவும் ஒரே சிவப்பு லைட்டு எரியற சார்ஜர், இதெல்லாம் நிறைஞ்சதா இல்லையான்னு பாக்காத வகை, பிளக்கை நாமதான் பிடுங்கணும், பதினாலு பதினாறு மணி நேரம்னு பாக்கெட்டுல போட்டிருப்பாங்க, யார் கணக்கு வச்சுக்கிட்டு பிடுங்கறாங்க சொல்லுங்க.

நல்ல சார்ஜர் என்ன பண்ணும்னா, நிக்கல் கட்டை சார்ஜ் ஏற ஏற வோல்டேஜ் மெதுவா மேல போகும், நிறைஞ்ச உடனே ஒரு துளி கீழ இறங்கும், கூடவே கட்டை சூடாக ஆரம்பிக்கும், அந்த இறக்கத்தைப் பிடிச்சு அதுவே நிறுத்திடும். ஸ்மார்ட் சார்ஜர்னு பேர் போட்டு விக்கறது எல்லாம் இதைப் பண்ணுமான்னா பண்ணாது, அதனால பாக்கெட்டுல 'மைனஸ் டெல்டா வி' (இப்ப சொன்ன அந்த இறக்கம்தான்), 'ஆட்டோ கட் ஆப்', 'இன்டிவிஜுவல் சேனல்' (ஒவ்வொரு குழிக்கும் தனித்தனி சார்ஜ்) இந்த மூணுல முதலும் கடைசியும் இருக்கான்னு பாருங்க.

வேகம் பத்தி ஒரு கணக்கு. சார்ஜர் மேல ஒரு குழிக்கு எத்தனை எம்ஏன்னு போட்டிருக்கும். கட்டையோட எம்ஏஎச்சை அதால வகுத்து, வந்த மணி நேரத்தோட கால்வாசி கூட்டிக்கங்க. 2000 கட்டை, 500 சார்ஜர்னா நாலு மணி, கூட ஒரு மணி, ஆக அஞ்சு. வீட்டுக்கு 500ல இருந்து 1000 வரைக்கும் சரியா இருக்கும். கால் மணி நேரத்துல ஏத்தறேன்னு சொல்றது கட்டையை வறுத்துடும், 150, 200னு ரொம்ப மெதுவா ஏத்தறதுல அந்த வோல்டேஜ் இறக்கம் சரியா தெரியாது, நிறுத்தாமலே போயிடும். யூஎஸ்பியில சொருகற சார்ஜரா இருந்தா இன்னும் வசதி, போன் அடாப்டர்லயும் ஓடும், கரன்ட்டு போனா பவர் பேங்க்லயும் ஓடும். சுவத்துல நேரா சொருகற மட்டமான சார்ஜர்ல இன்னொரு ஆபத்து, உள்ள டிரான்ஸ்பார்மர் இருக்காது, கட்டை தொடற தகட்டுலயே மெயின் கரன்ட்டு வரலாம், பிளக்குல இருக்கும்போது கட்டையைத் தொட்டா ஷாக் அடிக்கும். எந்த சார்ஜரா இருந்தாலும் பிளக்கை எடுத்துட்டு கட்டையைக் கழட்டற பழக்கம் வச்சுக்கங்க.

சார்ஜ் போடற இடமும் முக்கியம். ஏப்ரல் மே மாசத்துல அரூர், பென்னாகரம் பக்கமெல்லாம் சிமென்ட் ஷீட்டு போட்ட வீட்டுக்குள்ள மதியத்துல நிக்க முடியாது, அந்த நேரத்துல சார்ஜ் போட்டா கட்டை ஏற்கனவே சூடா இருக்கும், சார்ஜர் குழம்பிப்போகும், கட்டை ஆயுசும் குறையும். ராத்திரி இல்ல விடிகாலை போடுங்க, தரையிலயோ கல்லு மேலயோ வைங்க, மெத்தை மேல வேண்டாம். ஊரே குளிர்ச்சியா இருக்கறதால ஓசூர்க்காரங்களுக்கு இந்தக் கவலை கொஞ்சம் கம்மி. பிரிட்ஜ்ல வைக்கணும்னு சில பேர் சொல்லுவாங்க, தேவையில்ல, வெளிய எடுக்கும்போது ஈரம் கோக்கும். கடைசி நேரத்துல கட்டை வெதுவெதுப்பா இருக்கறது நார்மல், கையில பிடிக்க முடியாத சூடுன்னா பிளக்கைப் பிடுங்கிட்டு அந்தக் கட்டையைத் தனியா வைங்க.

வாங்கின அன்னிக்கே ஒரு மார்க்கர் எடுத்து கட்டை மேல ஜோடி ஜோடியா 'அ', 'ஆ'ன்னு எழுதி மாசம் வருஷமும் போட்டுடுங்க. ஒண்ணா வாங்கினது ஒண்ணாத்தான் வேலை செய்யணும். புதுசும் பழசும், வேற வேற கம்பெனியும், சார்ஜபிளும் சாதாவும் கலந்து போட்டா வலுவில்லாத கட்டை முதல்ல தீந்துடும், மத்ததெல்லாம் சேந்து அதை ப்ளஸ் மைனஸ் மாறி தலைகீழா ஓட்டும், அப்படி ஓடின கட்டை தேறாது. பசங்க காரு ஸ்லோ ஆனா உடனே எடுத்து சார்ஜ் போடச் சொல்லுங்க, சுத்தமா நிக்கற வரைக்கும் ஓட்டறதுலதான் இது நடக்குது. நிக்கல் கட்டையை முழுசா தீத்துட்டுதான் சார்ஜ் போடணும்ங்கறது பழைய காட்மியம் காலத்துப் பேச்சு.

கட்டையோட முனையிலேயே டைப் சி ஓட்டை வச்ச கட்டை இப்ப எல்லா ஆன்லைன்லயும் வருது, சார்ஜரே வேண்டாம், போன் வயரைச் சொருகினா போதும்னு. உள்ள இருக்கறது லித்தியம் செல், ஒரு சின்ன சர்க்யூட் அதை 1.5 வோல்ட்டா குறைச்சுக் குடுக்குது. கட்டை தீரற வரைக்கும் 1.5 நிக்கும்ங்கறது நல்ல விஷயம், ஆனா தீரும்போது பட்டுன்னு நின்னுடும், முன்னறிவிப்பு கிடையாது, மைக்குல போட்டா மேடையில மானம் போகும், சர்க்யூட் சத்தம் மைக்குல இரைச்சலாவும் வரலாம். அதுல எம்டபிள்யூஎச்னு (மில்லி வாட் அவர்) போட்டிருக்கற நம்பரை எம்ஏஎச்னு நினைச்சுக்காதீங்க, 2600 எம்டபிள்யூஎச்னா 1.5ஆல வகுத்தா 1730 சொச்சம் எம்ஏஎச்தான். சாதா 2000 எம்ஏஎச் நிக்கல் கட்டை 1.2ஆல பெருக்கினா 2400 எம்டபிள்யூஎச் வரும், பெரிய வித்தியாசம் இல்ல பாத்தீங்களா. 1.2 வோல்ட்டுக்கு முறைக்கற சாமானுக்கு மட்டும் இதை வாங்கலாம். நிக்கல் சார்ஜர்ல மட்டும் இதைப் போடவே கூடாது.

இதே டபுள் ஏ சைஸ்ல 14500னு ஒரு லித்தியம் செல்லும் விக்குது, அது 3.7 வோல்ட்டு. சைஸ் சரியா இருக்கேன்னு பையன் பொம்மையில போட்டா பொம்மை புகையும். நம்பரைப் பாக்காம எதையும் சொருகாதீங்க.

குண்டுக்கட்டைக்கு ரிச்சார்ஜபிள் தேடறவங்களுக்கு, கம்மி விலைக்கு வர்ற டி சைஸ் கட்டையில பல சமயம் உள்ள ஒரு டபுள் ஏவைப் போட்டு சுத்தி வெறும் டப்பாதான் இருக்கும், கையில எடுத்தாலே லேசா இருக்கும். 2000 சொச்சம் எம்ஏஎச் போட்டிருந்தா அது இதுதான். அதுக்குப் பதிலா டபுள் ஏவை டி சைஸா மாத்தற பிளாஸ்டிக் கூடு கிடைக்கும், அதை வாங்கினா இருக்கற கட்டையையே போட்டுக்கலாம். கேஸ் கீசருக்கு அல்கலைனே போடுங்க.

அடுத்தது டார்ச்சு, நெத்தி லைட்டு. நம்ம மாவட்டத்துல இது விளையாட்டு சாமான் இல்ல. ராத்திரி த்ரீ ஃபேஸ் வந்தா மோட்டார் போடப் போறவங்க, மாந்தோப்புக்குக் காவல் போறவங்க, தேன்கனிக்கோட்டை அஞ்செட்டி பக்கம் ராகி கதிர் பிடிச்ச நேரத்துல யானை வருதான்னு பரண்ல உக்காந்து பாக்கறவங்க, அவங்க லைட்டு பாதியில அணைஞ்சா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம். அதுக்குள்ள இருக்கறது பெரும்பாலும் 18650னு சொல்ற லித்தியம் செல், 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், நம்பர் வந்ததே அந்த அளவாலதான். சந்தையில வாங்கற நெத்தி லைட்டுல செல் மேல 9900னு, 12000னுகூட அச்சடிச்சிருக்கும். இந்த சைஸ்ல நல்ல கம்பெனி செஞ்சாலே பெரும்பாலும் 3500, 3600 எம்ஏஎச் வரைக்கும்தான் வரும், மிஞ்சிப்போனா 4000. சந்தேகம்னா பூக்கடை தராசுல வச்சுப் பாருங்க, நல்ல செல்லு 45ல இருந்து 50 கிராம் வரைக்கும் இருக்கும், டூப்ளிகேட் முப்பது சொச்சத்துலயே நிக்கும். எங்க சித்தப்பா வச்சிருந்த 9900 செல்லை ஒரு மல்லிப்பூக் கடையில அப்படித்தான் போட்டுப் பாத்தோம், 32 கிராம், கடைக்கார அக்கா 'இதுல பாதி காத்துதான் போலிருக்கு'ன்னு சொல்லிட்டு பூ கட்டப் போயிட்டாங்க.

லித்தியம் செல்லுக்கு லித்தியம் சார்ஜர்தான், 4.2 வோல்ட்டுல நிறுத்தணும். மேல சுத்தியிருக்கற பிளாஸ்டிக் உறை கிழிஞ்சிருந்தாலோ, நசுங்கியிருந்தாலோ, உப்பியிருந்தாலோ ஒதுக்கி வச்சுடுங்க, அதை டேப் சுத்தி ஓட்டாதீங்க. சாவிக்கொத்து, சில்லறையோட ஒரே ஜோப்புல போட்டா ஷார்ட் ஆகி வேட்டியே எரியும். வைக்கோல் போர் பக்கத்துல, மோட்டார் ரூம்ல சாக்குப் பை மேல சார்ஜ் போட்டுட்டுத் தூங்கப் போகாதீங்க. ரொம்ப நாள் உபயோகிக்க மாட்டோம்னா பாதி சார்ஜ்ல வச்சுட்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாருங்க.

இதுக்கு நேர் எதிர் ஈய ஆசிட் பேட்டரி போட்ட பெரிய டார்ச், எமர்ஜென்சி லைட்டு, சில கொசு பேட்டு. அதைத் தீந்த நிலையில வச்சா உள்ள உப்பு பூத்து மறுபடி சார்ஜ் ஏறாது, உபயோகிச்சாலும் உபயோகிக்காட்டியும் மாசம் ஒருக்கா சார்ஜ் போட்டே ஆகணும். மழைக்காலத்துல எமர்ஜென்சி லைட்டு எரியலன்னு தட்டறவங்க எல்லாம் வெயில் காலம் பூரா அதைப் பரண் மேல வச்சவங்கதான். கொசு பேட்டை பிளக்குல இருக்கும்போது எடுத்து அடிக்காதீங்க, அதுலயும் மேல சொன்ன டிரான்ஸ்பார்மர் இல்லாத சர்க்யூட்தான்.

வாங்கும்போது பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) அடையாளம் பாருங்க. சார்ஜ் பண்ற நிக்கல், லித்தியம் செல்லுக்கு இந்தியாவுல பதிவு கட்டாயம், ஐஎஸ் 16046னு போட்டு பக்கத்துல ஆர்னு ஆரம்பிக்கிற நம்பர் இருக்கும், போன்ல பிஐஎஸ் கேர் ஆப் போட்டு அந்த நம்பரைத் தட்டினா எந்தக் கம்பெனின்னு காட்டும், பாக்கெட்டுல இருக்கற பேரும் அதுவும் ஒத்துப்போகலன்னா வேண்டாம். ஆன்லைன்ல வாங்கினா விக்கறவங்க பேரையும் பாருங்க, நல்ல கம்பெனி பேர்லயே டூப்ளிகேட் வருது.

செத்த கட்டையை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா, முழு சார்ஜ் போட்டு ஒரு நாள் விட்டு மல்டிமீட்டர்ல பாருங்க, நிக்கல் கட்டை 1.3 பக்கம் காட்டணும், 1.2க்குக் கீழ இறங்கியிருந்தா அதோட ஜோடியையும் சேத்து சின்ன வேலைக்கு மாத்திடுங்க, மவுஸ்ல இன்னும் கொஞ்ச நாள் ஓடும். அப்புறமும் தேறலன்னா குப்பையில போட்டு எரிக்காதீங்க. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஈயம் இருக்கறதால பழைய இரும்புக் கடையில காசு குடுத்து எடுத்துப்பாங்க, இந்தச் சின்னக் கட்டைக்கு யாரும் வர மாட்டாங்க, ஆனா 2022ல வந்த பேட்டரி கழிவு விதிப்படி தயாரிக்கற கம்பெனிதான் திரும்ப எடுக்கற பொறுப்பு. கட்டையை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல சேத்து வைங்க, லித்தியம்னா ரெண்டு முனையிலயும் செல்லோ டேப் ஒட்டிட்டுப் போடுங்க, டப்பா நிறைஞ்சதும் இ-வேஸ்ட் வாங்கற இடத்துல குடுத்துடலாம்.